சுலோச்சன முதலியார் பாலம்: ஆர்ச்சுக்குக் கீழே போய் எதைப் பார்க்கணும்?

கொக்கிரகுளம்_சிவில்:
பாலிடெக்னிக் சிவில் பிள்ளைகளுக்குப் பழைய ஆர்ச் பாலம் எப்படி நிற்கிறது, எங்கே கெடும் என்று நேரில் காட்டணும். நம்ம நெல்லையில் தாமிரபரணி மேல் இருக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தைத்தான் எடுத்திருக்கோம். 1843ல் திறந்தது, 11 ஆர்ச், ஒவ்வொன்றும் 60 அடி இடைவெளி என்பது வரை கையில் இருக்கு. கீழே எதை அளக்கணும்? எந்த விரிசலுக்குப் பயப்படணும்? இடுக்கில் செடி முளைத்திருந்தால் பிடுங்கிவிட்டு சிமெண்ட் பூசினால் போதுமா?

வளைவுக்கல்:
முதலில் வளைவின் வடிவத்தைப் பாருங்க, விரிசல் அப்புறம். ஒரு ஆர்ச்சின் இடைவெளியை (தூணுக்குத் தூண் தூரம்) நாலாகப் பிரித்து, இரண்டு பக்கத்துக் கால்பங்கு இடத்திலும் நடுவிலும் உயரம் எடுங்க. லேசர் மீட்டர் போதும். 60 அடி ஆர்ச்சுக்குக் கால்பங்கு என்பது தூணிலிருந்து 15 அடி. இரண்டு கால்பங்கு உயரமும் ஒன்றாக வரணும். ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உப்பியிருந்தால் வளைவு சாய்ந்திருக்கு என்று அர்த்தம்.

விரிசல் எவ்வளவு அகலம் என்பதைவிட எந்தத் திசையில் ஓடுது என்பதுதான் முக்கியம். வண்டி போகும் திசையிலேயே, ஓரத்தை ஒட்டி ஓடினால், உள்ளே நிரப்பிய மண் ஈரத்தில் ஊறிப் பக்கச்சுவரை வெளியே தள்ளுது. குறுக்கே, உச்சியில் ஓடினால் தூண்களோ கரைத்தாங்கியோ (கரையில் வளைவைத் தாங்கும் சுவர்) விலகியிருக்கலாம். வளைவு தொடங்கும் மூலையிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்வாக ஏறினால் அடித்தளத்தின் ஒரு பக்கம் இறங்குது. மூன்றிலும் இதுதான் மோசம், உடனே நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லிடணும்.

இந்தப் பாலத்தைப் பின்னாளில் அகலப்படுத்தியிருக்காங்க. பழசும் புதுசும் சேரும் கோட்டில் பிளவு தெரிந்தால் அதுவே ஆபத்து இல்லை. ஆனால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்குதா என்று பாருங்க. வெள்ளையாகப் படிந்து ஒழுகிய தடம் இருந்தால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கரைந்து வெளியே வருது.

சுண்ணாம்புக்காரை:
செடி விஷயத்துக்கு வர்றேன். அரசு, ஆலங்கன்றைப் பிடுங்கவே கூடாது. வேர் கல்லுக்குப் பின்னால் விரிந்திருக்கும். இழுத்தால் கல்லும் சேர்ந்து ஆடும், இல்லைன்னா வேர் அறுந்து அடுத்த மழைக்கே துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் செடியைக் கொல்லும் மருந்து தடவி, வேர் செத்த பிறகுதான் அந்த இடத்துக் கல்லைப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பக் கட்டணும்.

சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். அது கல்லைவிட இறுகி, உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவிடும். ஈரம் வேறு வழி தேடும்போது கல்லின் முகமே செதிலாக உதிரும். இடுக்கை 25 மி.மீ. ஆழத்துக்காவது சுரண்டி, தூசி போகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்து அழுத்தி நிரப்பணும். பிறகு ஒரு வாரம் நனைந்த சாக்கு போட்டு மூடணும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்தச் சாக்கு விஷயத்தில்தான்: வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் காரை பொடிப்பொடியாக உதிர்ந்துடும்.

ஆத்தங்கரை:
அண்ணாச்சிமார் மேலேயே பேசுறீங்க. ஆற்றுப் பாலத்தை எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் வெள்ளந்தான். இந்தப் பாலமே 1869 வெள்ளத்தில் சேதமாகித் திரும்பக் கட்டியது.

வெள்ளம் தூணின் முன்மூக்கில் மோதிக் கீழே சுழன்று குழி தோண்டும். வடியும்போது அந்தக் குழியில் புதுமணல் நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். 16 மி.மீ. கம்பியைத் தூணை ஒட்டிக் கையால் குத்திப் பாருங்க. பழைய படுகை சட்டென்று தடுக்கும், புதுமணலில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். தூணைச் சுற்றி நாலு பக்கமும் குத்தி ஆழத்தைக் குறிங்க. மேற்கே பாபநாசம் பக்கமிருந்து வரும் தண்ணீர் முதலில் மோதும் முகத்தில் அதிக ஆழம் வந்தால் அரிப்பு இருக்கு. தூண்களுக்கு நடுவே அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) மரத்தடியும் சிக்கியிருந்தால் அதையும் எழுதுங்க. வழி குறுகினால் தண்ணீரின் வேகம் கூடும், குழியும் ஆழமாகும்.

ஏப்ரல், மே தோதான நேரம். அப்பவும் அணையில் தண்ணீர் திறக்கிறாங்களான்னு கேட்டுக்கொண்டுதான் பிள்ளைகளை இறக்கணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. 2023 டிசம்பரில் ஆறு எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

கொக்கிரகுளம்_சிவில்:
ரொம்ப நன்றி. பாரம் தாங்கும் கணக்கு ஒன்றும் போடச் சொல்லலாமா? பழைய ஆர்ச் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தோராயமாகச் சொல்லும் மெக்ஸி (MEXE) முறை?

வளைவுக்கல்:
போடலாம், பழக்கத்துக்கு மட்டும். 740 × (வளைவின் தடிமன் + உச்சிக்கு மேலுள்ள மேல்மண் உயரம்)² ÷ இடைவெளியின் 1.3 அடுக்கு, எல்லாம் மீட்டரில், விடை டன்னில். ஆனால் அந்த முறை 18 மீட்டர் இடைவெளி வரைதான். 60 அடி என்பது 18.3 மீட்டர், எல்லையைத் தாண்டியாச்சு. வரும் எண்ணைப் பாலத்தின் தாங்குதிறன் என்று அறிக்கையில் எழுத விட்டுடாதீங்க. மேல்மண் உயரத்தில் தார் அடுக்குகளையும் சேர்க்கச் சொல்லுங்க. இந்த உயரம் கூடினால் சூத்திரத்தில் பலம் கூடும், தூணில் பாரமும் கூடும். அந்த இரண்டாவதைச் சூத்திரம் காட்டாது.