கொல்லைப்புறத் தகரத் தாழ்வாரத்தைக் குறைந்த செலவில் சீரமைப்பது எப்படி?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் தாழ்வாரம், தகரக் கூரையால் பகலெல்லாம் அனலடிப்பதாலும் சிமென்ட் தரை பொரிந்து கிடப்பதாலும் பயன்படாமல் இருக்கிறது. அதிகச் செலவின்றி, மாலையில் அம்மா அமரும்படி அதைச் சீராக்க வழி கூறுங்கள்.

மறுமொழி 1: முதலில் கூரையைக் கவனியுங்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சை மேற்புறம் இரண்டு முறை பூசுங்கள். அடியில் ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் பாயைக் கட்டினால், இடையே காற்றோடி வெக்கை நன்றாகத் தணியும்.

மறுமொழி 2: கூரைக்கு மேலே ஐயா சொன்னதே சரி. தரைக்கு டைல்ஸ் தேவையில்லை; பொரிந்த பகுதியைக் கொத்தியெடுத்து, நீர் வடிய வாட்டம் வைத்து, சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட்டைக் கைதேர்ந்த கொத்தனாரிடம் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த பின் ஒரு வாரமாவது தரையில் நீர் கட்டி ஈரமாக வைக்காவிட்டால் வெடிப்பு விடும்.

மறுமொழி 3: மேற்குப் பக்கம் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, கோடையில் நீர் தெளியுங்கள். அந்த நிழலில் வெற்றிலைக் கொடியும் நன்கு படரும்.