செடி விற்பனை போட்டு, அந்தப் பணத்தில் தெருமுனையை அழகுபடுத்த நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள்

மொட்டைமாடி:
எங்கள் தோட்டக் குழுவில் ஆளாளுக்கு வீட்டிலிருந்து கன்று கொண்டுவந்து ஒருநாள் விற்பனை போடலாம் என்று பேச்சு. வருகிற பணத்தில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, குப்பை கொட்டிக் கிடக்கிற ஒரு முக்கோண இடத்தைச் சுத்தம் செய்து பூச்செடி வைக்க ஆசை. கையில் இரண்டு மாதம் இருக்கிறது. எந்தச் செடி விற்கும், அந்த இடத்தில் எதை நடலாம்?

மண்வெட்டி:
இரண்டு மாதம்தான் என்றால் குச்சி வெட்டுகிற வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சியாகக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் வைத்தால் வேர் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். மேலே துளிர் வந்துவிட்டதே என்று விற்பனைக்கு எடுத்துவிடாதீர்கள், குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே இலை விடும், அடியில் ஒரு வேர்கூட இருக்காது. லேசாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் இருந்தால்தான் விற்கலாம். கற்றாழையின் பக்கக்கன்று, கல்வாழைக் கிழங்கு இதெல்லாம் பிரித்து வைத்தாலே போதும், சிரமமே இல்லை. மணிபிளாண்ட் தண்ணீரிலேயே வேர் விடும்.

அப்புறம், நிழலில் வளர்ந்த வெயில் செடிகளை விற்பனைக்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். பூ இல்லாத செடியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் தாய்ச்செடி பூத்திருக்கும் படத்தைப் பக்கத்தில் ஒட்டி, பெயரும் வெயிலா நிழலா என்பதும் எழுதி வையுங்கள்.

வேப்பங்கன்று:
செடி இருக்கட்டும், அந்த இடம் யாருடையது? உள்ளாட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ, எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்வெட்டி வைக்காதீர்கள் (மேலே எழுதியவரைச் சொல்லவில்லை!). அடியில் கேபிளோ குழாயோ போகிறதா என்றும் அவர்களிடமே கேட்டுவிடலாம். அடுத்தது தண்ணீர். எந்தச் செடியானாலும் வேர் ஊன்றும்வரை ஊற்றித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் குழாய் இல்லை என்றால் குடத்தில் சுமப்பது யார் என்று இப்போதே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். நான் பார்த்தவரை இப்படித் தொடங்கும் இடங்கள் காய்ந்துபோவது முதல் கோடையில்தான், பணம் முழுவதையும் நடுகிற நாளிலேயே செலவழித்துவிடுகிறார்கள். பாதியையாவது தண்ணீருக்கும் களையெடுப்புக்கும் ஒதுக்குங்கள்.

முக்கோணம் என்றால் வண்டி திரும்புகிற இடமாக இருக்கும், முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்வது எதுவும் வேண்டாம், ஓட்டுபவருக்கு எதிரே வருவது மறைந்துவிடும். அரளி வேண்டவே வேண்டாம், இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், பேருந்துக்குக் குழந்தைகள் நிற்கும் இடம். உண்ணிச்செடியை (லண்டானா) யாராவது அழகாக இருக்கிறது என்று கொண்டுவந்தால் விற்பனைக்குக்கூட எடுக்காதீர்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என் வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களில் அதுவும் ஒன்று, வெங்காயத்தாமரையும் ஒன்று. உண்ணிப்பழத்தைப் பறவை தின்று விதையை எங்கெங்கோ போட்டுவிடும்.

கிணற்றடி:
முந்தைய பதிலோடு ஒத்துப்போகிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திறப்பு நாளில் பளிச்சென்று தெரிய எல்லோரும் செண்டுமல்லி நடுவார்கள். அது சில மாதத்தில் முடிந்துவிடும், திரும்ப நட ஆள் இருக்காது. குட்டை இட்லிப்பூ மாதிரி வருஷக்கணக்கில் நிற்பதை முதலில் நடுங்கள், செண்டுமல்லி ஓரத்தில் கொஞ்சம் போதும். நட்டதும் காய்ந்த இலையால் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

மொட்டைமாடி:
எல்லோருக்கும் நன்றி. அனுமதிக் கடிதத்தை முதலில் எழுதுகிறோம். விற்காமல் மிஞ்சுகிற செடிகளை அங்கேயே நட்டுவிடலாமா?

வேப்பங்கன்று:
இதைத்தான் பயந்தேன். மிஞ்சியது எல்லாம் அங்கே போனால் நிழல் செடியும் வெயில் செடியும் கலந்துபோய் பாதி கருகும். அந்த இடத்துக்குத் தேவையானதை விற்பனைக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிஞ்சியதை உறுப்பினர்களே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், அடுத்த விற்பனைக்குள் பெரிதாகிவிடும்.