யுவாரி காட்டில் கேம்பிங்: கம்ப்ரஸர் பாதியில் நிற்குது, கூடாரம் பூரா புழுதி

பேடின்பயணி:
இடம் வட கரோலினா, யுவாரி தேசியக் காடு, பேடின் ஏரிப் பக்கம். ஆஃப்ரோடு டிரெயிலுக்குப் போகும் சரளை ரோட்டோரம் கூடாரம். வண்டி ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர், கம்பெனி டயர், கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கிற காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ. சரளைக்காக 24க்கு இறக்கினதும் டாஷ்போர்டில் காற்று குறைவுன்னு காட்டுற டயர் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. காற்றேற்ற 12 வோல்ட் கம்ப்ரஸரை சிகரெட் சாக்கெட்டில் செருகினா, முதல் டயர் சரி, ரெண்டாவது பாதியில் நின்னுடுச்சு. அதே சாக்கெட்டில் இப்போ போன் சார்ஜரும் வேலை செய்யலை. எது போச்சு, கம்ப்ரஸரா வண்டியா?

இன்னொண்ணு: ஜிப் எல்லாம் மூடியும் படுக்கை வரைக்கும் புழுதி. ரோட்டுக்கும் கூடாரத்துக்கும் இருபதடி.

பன்னிரண்டுவோல்ட்:
ரெண்டும் போகலை, ஃபியூஸ்தான் போயிருக்கு. சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்ப்தான் இருக்கும். முதல் டயரை எப்படித் தாங்கிச்சுன்னா, டயர் இளசா இருக்கும்போது மோட்டாருக்கு வேலை குறைவு. அழுத்தம் ஏற ஏற ஆம்ப் ஏறும். ஃபியூஸ் கொஞ்சம் கூடுதல் ஆம்பைச் சில நிமிஷம் தாங்கிட்டுத்தான் உருகும்.

இக்னிஷனை அணைச்சுட்டு, கையேட்டில் சாக்கெட் ஃபியூஸ் எதுன்னு பார்த்து உருவுங்க. வெளிச்சத்தில் பிடிச்சா உள்ளே வளைஞ்ச கம்பி அறுந்திருக்கும். அதே எண்ணில்தான் மாத்தணும்: 10 சிவப்பு, 15 நீலம். திரும்பப் போகக் கூடாதுன்னு மஞ்சள் 20ஐச் சொருகிடாதீங்க. அப்புறம் ஃபியூஸுக்கு முன்னாடி டாஷ்போர்டு பின்னால ஒயர் உருகும்.

கம்ப்ரஸர் அடியில் எத்தனை ஆம்ப்னு போட்டிருக்கு?

பேடின்பயணி:
நீலம், கம்பி அறுந்திருந்தது. மாத்தினதும் சார்ஜர் ஓடுது. கம்ப்ரஸரில் 23 ஆம்ப்னு இருக்கு.

பன்னிரண்டுவோல்ட்:
அப்போ அதை இனி சாக்கெட் பக்கமே கொண்டுபோகாதீங்க. பேட்டரி கிளிப் வயரோடதான் அது ஓடணும். சிவப்பை பேட்டரி பிளஸ்ல, கறுப்பை இன்ஜின் பக்கம் பெயின்ட் இல்லாத போல்ட்டில். இன்ஜின் ஓடிட்டிருக்கட்டும். அதுக்கப்புறமும் மூணாவது டயரில் நின்னா பயப்படாதீங்க. சூடேறினா தானே அணையுற சுவிட்ச் பல மாடலில் உண்டு. இருபது நிமிஷம் நிழலில் ஆற விட்டா திரும்ப ஓடும். டயருக்கு டயர் நடுவில் அஞ்சு நிமிஷம் விட்டாலே அந்த நிலைமை வராது.

சரளைச்சாலை:
டயர் விளக்கு பழுது இல்லை. அமெரிக்க விதிப்படி ஸ்டிக்கர் அளவை விட 25 சதவீதம் குறைஞ்சா அது எரிஞ்சாகணும். 35க்குக் கணக்குப் போட்டா 26 வருது, நீங்க 24ல இருக்கீங்க. நல்லா போட்ட சரளை ரோட்டுக்கு 28 போதும். 20க்குக் கீழே இந்த டயரை இறக்கவே வேண்டாம், திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழன்றுடும்.

எப்பவும் காலையில் வண்டி நகருமுன் அளங்க. ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூடுதலாக் காட்டும். ராத்திரிக் குளிரில் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினா ஒரு பிஎஸ்ஐ கிட்ட குறையும்.

கிராஸ்ஓவரோட டிரெயிலுக்குள்ளே இறங்குற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. டேனியல் டிரெயில் மாதிரி பாறை ஏற்றத்துக்கு அடிப்பக்கம் தாங்காது.

தரைத்தாள்:
புழுதிக்கு வர்றேன். ஜிப்பை மூடி என்ன பயன்? உள்கூடாரம் பாதி கொசுவலை. வெளித்துணிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியா வந்து, வலைக்குள்ளே மாவு சலிச்ச மாதிரி இறங்கும். வெளித்துணி முளைகளை இழுத்துக் கட்டி அந்தச் சந்தை நாலு விரல் அளவுக்குக் கொண்டுவாங்க. முழுசா அடைச்சா விடியறப்போ உள்ளே மூச்சு ஈரம் சொட்டும்.

ஆனா அதை விட இடம்தான் முக்கியம். சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், கிளம்பின புழுதியும் அதோட பள்ளத்தில் போய் உட்காரும். ரோட்டை விட மேட்டில், நடுவில் புதர் இருக்கிற மாதிரி, இருநூறு அடியாவது தள்ளிப் பாருங்க. வாசல் ரோட்டுக்கு முதுகு காட்டட்டும். குறிச்ச இடத்தில்தான் போடணும்னு இருந்தா, வளைவு, ஏற்றம் பக்கத்தில் இருக்கிறதை விட்டுடுங்க. வண்டிகள் அங்கேதான் சக்கரத்தைச் சுழற்றும்.

எங்கே போடலாம்னு டிராய் ஊர் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுக்கங்க. வனத்துறை இலவசமாத் தர்ற மோட்டார் வாகன வரைபடத்தையும் பாருங்க. ஆஃப்ரோடு டிரெயில்கள் ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 15 வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் போனா புழுதியும் இல்லை, சத்தமும் இல்லை.

கேட்காததும் ஒண்ணு: அந்தக் காட்டில் உண்ணி அதிகம். உடைக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடிச்சுக் காய வையுங்க, தோலில் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தா ஈரம் காயிற வரைக்கும் கிட்ட விடாதீங்க.

பேடின்பயணி:
நன்றி எல்லாருக்கும். கிளிப் வயர் வர்ற வரைக்கும் ரெண்டு டயர் 24லயும் ஒண்ணு 30லயும் நிற்குது. இப்படியே ஹைவே ஏறலாமா?

சரளைச்சாலை:
வேண்டாம். காற்று குறைஞ்ச டயர் வேகத்தில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், அப்புறம் வெடிக்கும். மணிக்கு அம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போகாம உள்ரோட்டிலேயே பக்கத்து கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) வரைக்கும் போய் 35 ஏத்திக்கங்க. பல இடத்தில் காற்று மெஷினுக்குக் குவார்ட்டர் (25 சென்ட்) காசு கேட்கும், சில்லறை வச்சுக்கங்க.