65 மி.மீ. 12 போர் தோட்டா எங்கே கிடைக்கும்?

வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூர். ஐயா காலத்து இங்கிலாந்துத் தயாரிப்பு இரட்டைக்குழல் 12 போர் (bore, குழல் விட்ட அளவு) துப்பாக்கி, அப்பச்சிக்குப் பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது, தோட்டா ஒதுக்கீடும் மீதம் இருக்கிறது. கிளப்பில் களிமண் தட்டு சுட மட்டும்தான் எடுக்கிறேன்.

பொங்கலிலிருந்து தோட்டா இல்லாமல் நிற்கிறது. குழலின் அடியில் 2½ அங்குலம் என்று முத்திரை இருக்கிறது, அதாவது தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. கடைகளில் இருப்பதெல்லாம் 70 மி.மீ. "உள்ளே போகுதுல்ல, சுடுங்க" என்கிறார்கள். போகத்தான் செய்யும். தோட்டாவின் மடித்த வாய் வெடித்து விரிந்த பிறகுதான் அது முழு 70 ஆகிறது. குட்டை அறையில் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இத்தனை வயதான குழலில் அந்தச் சோதனை வேண்டாம்.

மதுரையிலும் திருச்சியிலும் கடைகளில் நேரில் கேட்டாயிற்று. ஒருவர் சரக்கு வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார், அப்புறம் பேச்சே இல்லை. கிளப்பிலும் எல்லோரிடமும் 70தான். அறையை நீட்டித் தருவதாக ஒரு பழுதுபார்ப்பவர் சொன்னார். குழலின் சுவர் மெலியும், பழைய அழுத்தச் சோதனை முத்திரைக்கும் அர்த்தம் போய்விடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

லைசென்ஸ் தமிழ்நாடு முழுவதற்கும் செல்லும், எந்த ஊர் என்றாலும் வருவேன். 65 மி.மீ. தோட்டா இப்போது கையிருப்பில் உள்ள லைசென்ஸ் பெற்ற கடை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?