தண்டவாளத் துண்டில் உள்ள எழுத்தை வாசிக்க உதவி தேவை

வணக்கம், திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறது, அம்மப்பா தலைமன்னாரில் இருந்து கொண்டுவந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அங்கிருந்து போட் மெயிலில் (இந்தியா-இலங்கை ரயில், கப்பல் சேவை) வந்த பயணிகள் கப்பலில் இருந்து ரயிலுக்கு மாறிய இறங்குதுறைப் பாதையின் துண்டு இது என்று சொல்லுவார். அந்தப் பாதையில் 1990இல் ரயில் நின்றது, இறங்குதுறை வரை மறுபடி ஓடியது 2015இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

நீளம் ஒன்றரை அடி, உயரம் ஐந்து அங்குலம், அடிப்பக்கம் தட்டை. தயாரித்த ஆலை, ஆண்டு, எடை எல்லாம் வழக்கமாக நடுத்தகட்டில்தான் புடைப்பெழுத்தாக இருக்கும். இதில் '19' மட்டும் தெரிகிறது, அடுத்த இரண்டு இலக்கத்தையும் துரு தின்றுவிட்டது.

தேங்காய் எண்ணெய் பூசி இரண்டு நாள் ஊறவிட்டேன், சோக்குக்கட்டி தேய்த்தேன், சரிவரவில்லை. இரவில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தபோதுதான் தள்ளி ஒரு 'எஸ்' தெரிந்தது. கம்பி பிரஷ் போட்டதும் துருவோடு எழுத்தின் விளிம்பும் பொருக்காகக் கழன்று வந்தது, உடனே நிறுத்திவிட்டேன். பட்டறையில் கிரைண்டர் பிடிக்கலாம் என்றார்கள், அதற்கு மனம் வரவில்லை.

எழுத்து அழியாமல் துருவை மட்டும் எடுக்க வீட்டில் என்ன செய்யலாம்?