குளச்சல் கடலில் முன்னாள் படைவீரர்கள் தொல்லியல் பதிவு: வீட்டாருக்கும் வேலை உண்டா?

குளச்சல்கரை: எட்டு முன்னாள் படைவீரர்கள், வீட்டாரோடு இருபது பேர். மூவரிடம் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலில் மூழ்கும்) சான்றிதழ். 1741-ல் திருவிதாங்கூர் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த போர் நடந்த ஊர். கடலடியில் ஏதும் கண்ணில் பட்டால் எடுத்துப் பதிவு செய்யலாமா?

அடிக்கோடு: எடுக்கவே கூடாது. இந்தியத் தொல்லியல் துறையில் 2001 முதல் நீரடிப் பிரிவு இருக்கிறது. அனுமதி அங்கே கேளுங்கள். உங்கள் வேலை, கிடக்கும் இடத்திலேயே அளப்பது. (நங்கூரத்தைக் கண்டதும் 1741 என்று எழுதிவிடாதீர்கள். டச்சுக்காரர் தோற்றது கரையில்.)

முதலில் மணலில் பழகுங்கள். 30 மீட்டர் டேப்பை இழுத்துக் கட்டினால் அதுதான் அடிக்கோடு, எல்லா அளவுக்கும் ஆதாரக் கோடு. பொருளிலிருந்து டேப்பின் இரண்டு புள்ளிகளுக்குத் தூரம் எடுங்கள், கோட்டின் எந்தப் பக்கம் என்றும் குறியுங்கள். மூன்றாவது புள்ளிக்கும் ஓர் அளவு வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் தப்பு நடந்ததே தெரியாது. நீரோட்டத்தில் டேப் வில்லாக வளையும், ஐந்து மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். பீரங்கி, நங்கூரம் பக்கத்தில் காம்பஸ் பொய் சொல்லும், தள்ளி நின்று பாருங்கள்.

முட்டம் அலை: உடம்பை மறந்துவிட்டீர்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது பரிசோதனை கட்டாயம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இறங்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் எழுதி வாங்கட்டும். ஆழம் 18 மீட்டருக்குள். ஏற்றம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கணும். கலங்கல் தண்ணீரில் பழைய பதற்றம் சிலருக்குத் திரும்பும். "மேலே போறேன்" என்று சைகை காட்டினால் யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இறங்க நினைக்கவே வேண்டாம். கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கை வந்தால் அன்றைக்கும் லீவுதான்.

மணக்குடி: வீட்டார்தான் இதில் பாதிப் பலம். இறங்கிய நேரம், சிலிண்டர் அழுத்தம் (200 பார், 50 மிச்சத்தோடு மேலே வரணும்) எழுதுவது படகில் இருப்பவர் வேலை. பெரியவர்களிடம் வலை மாட்டும் கடலடிப் பாறைகளை (பார் என்பார்கள்) கேட்டுக் குறிக்கலாம். கரையில் எந்த மலையும் எந்தக் கோயில் கோபுரமும் நேராக வரும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். இடத்தை வாட்சப்பில் போடாதீர்கள், மறுநாளே ஆள் இறங்கும்.

குளச்சல்கரை: வலையில் வந்த பானை ஓடு ஒரு வீட்டில் வாளியில் கிடக்கிறதே?

அடிக்கோடு: ஈரமாக இருந்தால் காயவிடாதீர்கள். உள்ளே ஊறிய உப்பு படிகமாகி மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். கடல்நீரிலேயே மூடி, நிழலில் வைத்து, கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே காய்ந்ததென்றால் மறுபடி நனைக்க வேண்டாம்.