ஓட்டம் முடிஞ்சதும் பில்டர் எடை குறையுது, அவசர உதவி

தூசித்தட்டு:
டீசல் காரை டைனமோமீட்டர்ல (நின்ன இடத்துலயே சக்கரம் சுத்துற உருளை மேடை) ஓட்டி, புகையில வர்ற துகளை எடை போட ஒரு சின்ன பில்டர்ல பிடிச்சோம். முடிச்சு பில்டரை எடை போட்டா முன்னாடி இருந்ததைவிட 11 மைக்ரோகிராம் கம்மி. மூணு ஓட்டமும் இதே கதை. கரி படிஞ்ச பில்டர் எப்படிங்க இளைக்கும்? நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும்.

வால்வு:
கார்ல டிபிஎஃப், அதான் புகைக்குழாய்லயே கரியைப் பிடிக்கிற வடிகட்டி, இருக்கா? பில்டர் என்ன ரகம்? ஒண்ணுமே சொல்லலையே.

மழைக்கால்:
ஈரப்பதம்தான், சந்தேகமே வேண்டாம். எடை அறை 22 டிகிரி, 45 சதவீதத்துல நிக்குதா? பில்டர் ஒரு மணி நேரமாவது அங்க கிடந்த பிறகுதான் தராசுல வைக்கணும்.

கருப்புக்குழல்:
நடுவுல ரீஜெனரேஷன், அதான் டிபிஎஃப்ல சேர்ந்த கரி எரியறது, நடந்திருக்கும்.

வால்வு:
நடந்திருந்தா எடை ஏறும் சார், இறங்காது.

பழையகை:
ஓட்டத்துல போடாம, ஒப்பிட மட்டும் எடை அறையில வச்சிருக்கிற ரெஃபரன்ஸ் பில்டர்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாம தராசு முன்னாடி உக்காந்துடறாங்க. அது 5 மைக்ரோகிராமுக்கு மேல நகர்ந்தா அறையைத் திட்டு. நகரலைன்னா உன் கையைத் திட்டு.

தூசித்தட்டு:
டிபிஎஃப் இருக்கு, சொல்ல விட்டுப்போச்சு. டெஃப்லான் பூசின கண்ணாடி இழை, 47 மி.மீ. ரெஃபரன்ஸ் ரெண்டும் அசையவே இல்ல.

எண்ணிப்பார்:
டிபிஎஃப் காருக்கு எடை போடுறதே வெட்டி வேலை, வெளிய வர்ற கரி அவ்வளவு கம்மி. அதனாலதானே 2011-ல ஐரோப்பாவோட புகை விதி யூரோ 5பி, துகள் எண்ணிக்கைக்கும் வரம்பு கொண்டுவந்துச்சு? கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்.

மழைக்கால்:
கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம்ங்கிற எடை வரம்பை யாரும் தூக்கலையே. துகளை எண்ணுற உங்க கவுண்டர் 23 நானோமீட்டருக்குக் கீழ இருக்கிறதுல பெரும்பாலானதைக் கோட்டை விடுமே, அதைச் சொல்லுங்க.

எண்ணிப்பார்:
தெரிஞ்சேதான் விடுறோம். 300 டிகிரிக்கு மேல சூடாக்கி, ஆவியாகுறதையெல்லாம் விரட்டிட்டு எண்ணுறோம். உங்க பில்டர் ஹைட்ரோகார்பன் ஆவியையும் குடிச்சுட்டு அதையும் கரிக்கணக்குல எழுதும்.

வால்வு:
சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. தூசித்தட்டு, ஹோல்டர்லேர்ந்து எடுக்கும்போது பில்டர் ஒட்டுதா? சீல் வளையத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

கருப்புக்குழல்:
எனக்கென்னவோ ரீஜெனரேஷன்தான்னு படுது.

தூசித்தட்டு:
வளையத்துல வெள்ளையா, மெல்லிசா ஒரு வட்டம். பில்டர் ஓரத்து இழை பிய்ஞ்சு ஒட்டியிருக்கு. ரொம்ப முறுக்கி மூடியிருக்கோம். துடைச்சுட்டு, அளவா இறுக்கி ஓட்டினதுல 14 மைக்ரோகிராம் ஏறியிருக்கு. வால்வு, நன்றிங்க. ஓடுறேன்.

மழைக்கால்:
ஈரப்பதம் எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல பாருங்க.